காரணத்துக்கு இரண்டு வரி

பாரத்தின் அடியில்
ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு
இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
சமூக உணர்வு என்று எழுதி
ஒரு புள்ளி வைத்தேன்.
புள்ளி மட்டும்தான் உண்மை.

பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த யுகேந்திரன்
அதையே எழுதிக்கொண்டான்.
தர்ஷிகா வருகிறாள் என்று வந்தவன் அவன்.
தர்ஷிகாவுக்கோ
பல்கலைக்கழகம் கேட்கும் புறப்பாட மதிப்பெண்ணில்
இன்னும் நான்கு குறைகிறது.
வெய் ஷெங்கின் அப்பா மோட்டார் பட்டறை
வெள்ளத்தில் கழுத்தளவு நின்றபோது
யாரும் வரவில்லையாம்.
"வந்தாங்க," என்று அவனே திருத்துவான்,
"தண்ணி வடிஞ்ச பிறகு, போட்டோ எடுக்க."
ஹக்கீமைக் கேட்டால் சிரிப்பான்:
நாசி லெமாக் இலவசம். முட்டையும் பாதி இல்லை, முழுசு.

ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டின் லிஃப்ட்
பதினொரு மாதமாய்
ஏழாவது மாடியில் வாய் திறந்தபடி நிற்கிறது.
அதற்காக வந்தேன் என்று சொன்னால்
கேட்பவர்களுக்குப் பிடிக்கும்.
ஆனால் படியேறிப் பழகிவிட்டோம்.
பழகிக்கொள்வதில்
எங்கள் பிளாக்கை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அம்மாவின் உதவித்தொகைக்காக
ஒரு சனிக்கிழமை சேவை மையத்துக்குப் போனேன்.
அங்கே கவுண்டரில் கட்டியிருந்த பேனாவுக்குக்
கயிறு போதவில்லை,
எழுதுகிறவர்கள் முதுகை வளைத்து எழுதினார்கள்.
என் பையில் எஸ்.பி.எம். எழுதிய பேனா இருந்தது.
எழுதி முடித்து மூடி போடுவதற்குள்
"தங்கச்சி, இதையும் கொஞ்சம்" என்று
ஓர் ஐ.சி. நீண்டது.
அவர் பின்னால் இன்னொன்று.
அப்புறம் ஒரு வரிசையே திரும்பி
என் பக்கம் நின்றது.

மலாயில் இருந்த கேள்விகளைத்
தமிழில் உரக்கக் கேட்டேன்.
வருமானம்?
குரலைத் தாழ்த்தித்தான் எல்லோரும் சொன்னார்கள்.
அதற்குப் பிறகு நானும் தாழ்த்திக் கேட்டேன்.
எத்தனை பிள்ளைகள்?
ஐந்து என்றார் ஓர் அம்மா.
கொஞ்சம் பொறுத்து
ஒரு விரலை மடக்கி
நாலு என்று போடச் சொன்னார்.

கடைசியாக வந்தவனுக்கு என் வயதிருக்கும்.
ஐ.சி. நம்பர்?
"இல்ல."
மறந்துட்டீங்களா?
"இல்லவே இல்ல."
இதே ஊர், இதே பெரியாஸ்பத்திரியில் பிறந்தவன்.
அப்பா பதியவில்லை,
அப்பாவே பதியப்படாதவர்.
பன்னிரண்டு கட்டங்கள்.
முதல் கட்டத்தின் மேல் பேனா வெகுநேரம் நின்றதில்
ஒரு புள்ளி விழுந்து
மெல்லப் பரவியது.

கவுண்டர்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.
"நீங்க இருப்பீங்களா?" என்று
அவன் என்னைக் கேட்டான்.
யோசிக்காமல் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை போனேன்.
அவன் வரவில்லை.
அடுத்த செவ்வாயும் போனேன்.

"சாக்கடைல இறங்குற," என்கிறாள் அம்மா.
நம்ம பிளாக் சாக்கடை அடைச்சு மூணு வாரமாச்சும்மா,
யாராவது இறங்கத்தானே வேணும்?
இப்படி பதில் சொல்லிவிட்டு
அன்றைக்கு மட்டும்
பாத்திரம் கழுவிக் கொடுத்தேன்.

கட்சிக்காரர்கள்
கொடிக்காக வந்தவள் என்று நினைக்கிறார்கள்.
கொடியும் கட்டுகிறேன்,
மழைக்கு முன் பசை காயுமா என்று கவலையும் படுகிறேன்.
அண்ணன்மார் மேடையில் அரை மணி நேரம்
"இளைஞர்களே" என்கிறபோது
பின்னால் நாற்காலி எண்ணுகிறேன்.
கோபம் வருகிற நாள் உண்டு.
வராத நாள் அதைவிடப் பயமாக இருக்கிறது.

இன்று பாரங்களை வாங்கிப் புரட்டியவர்
"எல்லோருக்கும் ஒரே எண்ணம்!" என்று மகிழ்ந்தார்.
யுகேந்திரன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.
ஆளுக்கொரு டீ-சட்டை கொடுத்தார்கள்.
எனக்கு ஒரு சைஸ் பெரிது,
போட்டுக்கொண்டேன்.
பேனா செருகத்தான்
அதில் பையே இல்லை.